மூன்றணா முதல் 6.1% வரை: ஒரு வேலைக் கணக்கின் கதை

2007 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினார்.

"எம்ப்ளாய்மென்ட் கார்டு இந்த மாசத்தோட முடியுது. நான் ரினிவல் போட்டுட்டேன். கவலைப்படாதே."

எனக்குக் கவலையே இல்லை என்பதுதான் விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் சம்பளம், பி.எஃப்., வருமானவரி எல்லாம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத்தான் வேலை இருக்கேம்மா" என்றேன்.

"அது பிரைவேட்டுதானே."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பத்தாவது முடித்தவுடன் வரிசையில் நின்று பதிந்த பதிவு அது. அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்று அடுக்கடுக்காகச் சேர்த்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். சீனியாரிட்டி போனால் என்றாவது ஒருநாள் வரப்போகும் சர்க்கார் கடிதம் வராது. ஆக அம்மா கணக்கில் நான் வேலை இல்லாதவன். அரசாங்கக் கணக்கிலும் நான் வேலை தேடுபவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் நடப்புப் பதிவேட்டில் அந்த வருடங்களில் நாடு முழுக்க சுமார் 4 கோடிப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவன், கல்கத்தாவில் ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நான்.

அந்த 4 கோடியைத்தான் தேர்தல் மேடைகளில் "நாட்டில் வேலையில்லாத இளைஞர்கள்" என்று எல்லாக் கட்சிக்காரர்களும் (எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டும்) அள்ளி வீசுவார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும். அந்த எண்ணில் என் பங்கு ஒன்று.

மறுபக்கமும் உண்டு. கிராமத்தில் பதியவே போகாத கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பதிவேட்டில் கிடையாது. நாற்று நடும் பெண் எந்த அலுவலகத்தில் போய் வேலை கேட்டுப் பதிவாள்? வேலை இருப்பவன் பட்டியலில் இருக்கிறான், வேலை இல்லாதவள் பட்டியலில் இல்லை. அப்படியானால் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல என்று தெரிகிறது.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. தாதாபாய் நௌரோஜி 1870களில் உட்கார்ந்து, அரசாங்கத்தின் சொந்த நிர்வாக அறிக்கைகளை வைத்தே, 1867-68-ல் ஓர் இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்குப் போட்டார். சிறையில் இருக்கும் கைதிக்கு ஆகும் சோற்றுச் செலவோடு அதை ஒப்பிட்டும் காட்டினார். சர்க்காருக்குக் கோபம். 1882-ல் ஈவ்லின் பேரிங் (நிதிப் பொறுப்பில் இருந்தவர்) 27 ரூபாய் என்றார். 1901-ல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். அதே 1901-ல் வில்லியம் டிக்பி என்ற இன்னொரு வெள்ளைக்காரரே புத்தகம் போட்டு, அதெல்லாம் இல்லை, அதைவிட வெகு குறைவு என்றார். கவனியுங்கள், ஆளும் தரப்பின் எண் ஏறிக்கொண்டே போகிறது, எதிர்த்தரப்பின் எண் இறங்குகிறது. நடுவில் உண்மையில் யாரும் போய் யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்கவில்லை.

கதவைத் தட்டிக் கேட்கும் வழியைக் கொண்டுவந்தவர் எங்கள் (ஆமாம், இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டதால் "எங்கள்" என்று சொல்லும் உரிமை வந்துவிட்டது) கல்கத்தாக்காரர், பிரசந்த சந்திர மகலனோபிஸ். பௌதிகப் பேராசிரியர். பிரசிடென்சி கல்லூரியில் ஓர் அறையில் ஆரம்பித்த கூட்டம் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆனது. இன்று பாராநகரில் பி.டி. ரோட்டில் இருக்கிறது. அவர் வாழ்ந்த 'ஆம்ரபாலி' வீடும் அந்த வளாகத்துக்குள்தான். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் தட்சிணேஸ்வரம் போகிற வழியில் கேட்டைக் காட்டுவேன். யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம் :-)

1930களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் எத்தனை ஏக்கரில் விளைகிறது என்று கண்டுபிடிக்க அவர் கையாண்டது மாதிரிக் கணக்கெடுப்பு. முழு வயலையும் அளக்க வேண்டாம், சரியாகப் பொறுக்கிய சில துண்டுகளை அளந்தால் போதும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். ஆனால் எந்தச் சோறு என்பதில்தான் சாமர்த்தியம். அவர் இன்னொன்றும் செய்தார். ஒரே பகுதிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவார். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால், உங்கள் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தன் பிழையைத் தானே அளந்து வெளியே சொல்லும் ஏற்பாடு. பிற்காலச் சண்டைகளைப் படிக்கும்போது இது அடிக்கடி ஞாபகம் வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அவரை அழைத்துக்கொண்டார். 1949-ல் தேசிய வருமானக் குழு. தலைவர் மகலனோபிஸ், உறுப்பினர்கள் காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ். 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று ஆரம்பம். ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் படியும் மரக்காலும் வேறு வேறு, பாஷை வேறு. இத்தனைக்கும் நடுவில் "போன வருஷம் எவ்வளவு செலவு செய்தீர்கள்" என்று ஒரு விவசாயியிடம் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் புதிதாக விடுதலை பெற்ற ஓர் ஏழை நாடு இந்த அளவில் இதைச் செய்தது சாதாரண விஷயமில்லை.

சரி, எண் கிடைக்க ஆரம்பித்தது. சண்டை தீர்ந்ததா? இல்லை, அப்போதுதான் சுவாரசியமானது.

1963. ராம் மனோகர் லோகியா ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து முதல்முறையாக மக்களவைக்குள் நுழைகிறார். அந்த ஆகஸ்டில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், கிருபளானி கொண்டுவந்தது. லோகியா எழுந்து, இந்த நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்றணாவில் உயிர் வாழ்கிறார்கள் என்றார். பிரதமருக்காக ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். (நயா பைசா வந்து ஆறு வருடம் ஆகியும் ஜனங்கள் அணாவில்தான் பேசினார்கள். மூன்றணா என்றால் சுமார் 19 பைசா.)

நேரு, மூன்றணா இல்லை, பதினைந்தணா என்றார். திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா ஏழரை அணா என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். ஒரே நாடு, ஒரே சபை. மூன்று, ஏழரை, பதினைந்து!

இதில் வேடிக்கை, நேருவின் எண்ணைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. தேசிய வருமானத்தை மொத்த ஜனத்தொகையால் வகுத்தால் கிடைத்த சராசரி அது. லோகியா கேட்டது வேறு கேள்வி. மேல்தட்டை ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கும் அறுபது சதவீதத்துக்கு மட்டும் எவ்வளவு? டாட்டாவும் அவர் வீட்டுத் தோட்டக்காரரும் ஒரே அறையில் இருந்தால் சராசரியில் இருவருமே கோடீஸ்வரர்கள். நந்தாவின் ஏழரை அணா அந்தக் கீழ் அறுபதுக்கான அரசுத் தரப்பு மதிப்பீடு. அதுவே நேரு சொன்னதில் பாதி. அதாவது, சபையில் ஒரு தனி மனிதர் போட்ட சத்தத்தில் அரசாங்கத்தின் சொந்த எண் பதினைந்திலிருந்து ஏழரைக்கு இறங்கியது. இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் புள்ளிவிவரத்தை மையமாக வைத்து நடந்த ஆகச் சிறந்த விவாதம் என்று இதைத்தான் சொல்வேன். அடிதடி இல்லை, மைக் பிடுங்கல் இல்லை. எண்ணுக்கு எண்.

இன்னொன்று. ஐந்தாண்டுத் திட்டங்களில் பெருகிய வருமானம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை தேட, 1960-லேயே மகலனோபிஸ் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். தன் ஆட்சியைத் தானே கேள்வி கேட்கும் ஒரு குழு.

இப்போது வேலைக்கு வருவோம். முதல் மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களிலும் திட்டக் கமிஷன் "இத்தனை லட்சம் பேர் வேலை இல்லாமல் பாக்கி" என்று ஒரு எண் போடும். ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் அந்தப் பாக்கி கூடும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். 1968-ல் பொருளாதார அறிஞர் எம்.எல். தந்த்வாலா தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். 1970-ல் வந்த அந்த அறிக்கை சொன்னதன் சாரம், இந்தியா மாதிரி நாட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை என்று ஒற்றை எண் போடுவதே அர்த்தமில்லாத காரியம் என்பது.

காரணம் எளிது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒருவனுக்கு வேலை இருக்கும், அல்லது போய்விடும். போனால் உதவித்தொகை வாங்க வரிசையில் நிற்பான், எண்ணிவிடலாம். இங்கே சும்மா இருக்க வசதி வேண்டும். ஏழைக்கு வேலையின்மை கட்டுப்படியாகாது. இரண்டு நாள் களையெடுப்பு, ஒரு நாள் சும்மா, மூன்று நாள் செங்கல் சூளை, அப்புறம் அண்ணன் நிலத்தில் கூடமாட நிற்பது. இவனுக்கு வேலை இருக்கிறதா இல்லையா? ஒரு ஏக்கரில் ஒருவர் செய்யும் வேலையை மூன்று பேர் பங்கு போட்டுச் செய்தால் மூன்று பேருக்கும் வேலையா?

தந்த்வாலா குழுவைத் தொடர்ந்து 1972-73-ல் (அது 27-வது சுற்று) தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வேலைவாய்ப்புக்கென்றே பெரிய அளவில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பமானது. ஒரே ஆளை மூன்று அளவுகோல்களால் அளப்பார்கள். முதலாவது, போன 365 நாளில் பெரும்பாலும் என்ன செய்தார். இரண்டாவது, போன ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா. மூன்றாவது, அந்த வாரத்தின் ஒவ்வொரு நாளையும் அரை அரை நாளாகப் பிரித்து (நாலு மணி நேரமும் அதற்கு மேலும் முழு நாள், ஒன்றிலிருந்து நாலுக்குள் அரை நாள்) எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் கிடைக்கவில்லை.

மூன்றும் மூன்று விடை தரும். தரத்தான் வேண்டும். 2004-05 கணக்கெடுப்பில் ஆண்டு அளவுகோலில் வேலையின்மை 2.3 சதவீதம், தினசரி அளவுகோலில் 8 சதவீதத்துக்கு மேல். தினக்கூலிக்காரனின் நிலைமை தெரிய வேண்டுமானால் இரண்டாவதுதான் பார்க்க வேண்டிய எண். ஆனால் ஓர் அரசியல்வாதி கையில் இதைக் கொடுத்தால்? அவரவருக்கு வேண்டிய எண்ணை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். அறிஞர்கள் நியாயமாகத்தான் செய்தார்கள், பலன் பஃபே சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

இது ஏட்டளவில் புரிந்திருந்தது. எங்கள் வீட்டு வாசலிலேயே ஒருநாள் வந்து நின்றபோதுதான் உறைத்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வங்காளிப் பையன் கையில் டேப்லட்டோடு வந்தான். வேலைக் கணக்கெடுப்பு. என்னை இரண்டே நிமிடத்தில் முடித்தான்: சம்பளக்காரர், குறியீட்டு எண் 31. மனைவியிடம், "பௌதி, நீங்கள் வேலை ஏதாவது?" என்றான்.

"நானா? சும்மா வீட்டுலதான்" என்றாள். அவன் 92 என்று தட்டப் போனான். வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்று பேருக்குத் தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கணக்கு சொல்லித் தருகிறாள். மாதம் பணமும் வாங்குகிறாள். நான் அதைச் சொன்னேன். பையன் நிமிர்ந்து, வருடத்தில் முப்பது நாளைக்கு மேலா என்று கேட்டான். ஆமாம் என்றதும் துணைத் தொழில் என்ற இடத்தில் 11 போட்டான். சுயதொழில் செய்பவர். ஒரு நிமிடத்துக்கு முன் வேலை செய்யும் பெண்களின் விகிதத்தில் சேராத என் மனைவி, நான் வாயைத் திறந்ததால் உள்ளே வந்துவிட்டாள். நான் ஆபீஸ் போயிருந்தால்? (அன்று ராத்திரி எனக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. "இன்கம்டாக்ஸ்காரன் வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்பதுதான்.)

டீ கொடுத்துவிட்டு, "தம்பி, உன் பாரத்தில் உனக்கு என்ன நம்பர்?" என்று கேட்டேன். சிரித்தான். "31தான் தாதா. ஆனால் கான்ட்ராக்ட். அடுத்த வருஷம் வந்து கேளுங்கள்" என்றான்.

இப்போது 2011-க்கு வருகிறேன். இந்தக் கதையில் பலரும் மறந்துவிட்ட அத்தியாயம் இது. 2009-10 கணக்கெடுப்பின் முக்கிய முடிவுகள் 2011 ஜூனில் வந்தன. 1999-2000-க்கும் 2004-05-க்கும் நடுவில் சுமார் 6 கோடி வேலைகள் கூடியிருந்தன. அதற்கடுத்த ஐந்து வருடங்களில், பொருளாதாரம் எட்டு ஒன்பது சதவீதம் வளர்ந்ததாகக் கொண்டாடிய அதே வருடங்களில், கூடியது பத்து இருபது லட்சத்தைச் சுற்றித்தான்! 'வேலையில்லா வளர்ச்சி' என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக விடுமா? பிடித்துக்கொண்டது. திட்டக் கமிஷனோ, தினசரி அளவுகோலில் பாருங்கள், 1.8 கோடி கூடியிருக்கிறது என்றது (சொன்னேனில்லையா, பஃபே). அப்புறம் 2009 கடுமையான வறட்சி வருடம், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றார்கள். வறட்சி உண்மைதான், அந்த வருடம் பருவமழை 22 சதவீதம் குறைவு. ஐந்து வருடம் காத்திருக்காமல் 2011-12-லேயே இன்னொரு முழுக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதில் எண் கொஞ்சம் தேறியது.

நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பிடிக்காத எண் வந்தது, திட்டினார்கள், சாக்குச் சொன்னார்கள், மறுபடி எண்ணினார்கள். ஆனால் எண்ணை வெளியிட்டார்கள்.

அந்த 2009-10 முடிவில் இன்னொரு புதிரும் உண்டு. வேலைகள் கூடவில்லை, ஆனாலும் வேலையின்மை விகிதம் 2.3-லிருந்து 2.0-ஆகக் குறைந்தது. எப்படி? பெண்கள் லட்சக்கணக்கில் வேலைச் சந்தையை விட்டே வெளியேறினார்கள். இளைஞர்கள் பள்ளி கல்லூரியில் தங்கினார்கள். தேடாதவர்கள் வேலையில்லாதவர்கள் இல்லை. ஆகவே விகிதம் அழகாக இறங்கியது.

பிறகு ஆட்சி மாறியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்ற பெரிய கணக்கெடுப்புக்குப் பதில், வருடாவருடம் (நகரங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை) எண் தரும் புதிய கணக்கெடுப்பு 2017 ஏப்ரலில் தொடங்கியது. நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. அது முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. 2018 ஜனவரியில் பிரதமர் ஒரு டிவி பேட்டியில், வாசலில் பக்கோடா விற்று நாளைக்கு 200 ரூபாய் சம்பாதிப்பவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். நாடே கேலி செய்தது. கேலி ஒருபக்கம் இருக்கட்டும், 1972-லிருந்தே நம் கணக்கெடுப்பில் பக்கோடா விற்பவர் வேலை இருப்பவர்தான். 11. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக் கொடுக்கும் அவர் மனைவியும் வேலை இருப்பவர். 21, அதாவது சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர். இந்த விதியை எந்தக் கட்சியும் நேற்று எழுதவில்லை.

அதே மாதம் வருங்கால வைப்புநிதிக் கணக்குகளை வைத்து, 2017-18-ல் 70 லட்சம் முறைசார் வேலைகள் வரும் என்று இரண்டு பேர் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். அரசு அதைத் தூக்கிப் பிடித்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 19 பேர் இருந்த கம்பெனியில் இருபதாவது ஆள் சேர்ந்தால் பி.எஃப். சட்டம் கம்பெனி முழுமைக்கும் வரும். சேர்ந்தது ஒருவர். பட்டியலில் புதிதாக ஏறுவது இருபது பேர்.

2018 டிசம்பர் 5. தேசியப் புள்ளியியல் ஆணையம் (நம்ம சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-ல் பரிந்துரைத்து, 2006-லிருந்து இயங்கும் அமைப்பு) முதல் வருட அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆணையம் சம்மதித்தால் வெளியிடுவது வழக்கம். டிசம்பர் போனது, ஜனவரியும் போனது, அறிக்கை வரவில்லை. ஜனவரி 28 அன்று ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். மூன்று நாளில், ஜனவரி 31 அன்று, பிசினஸ் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் எண் வந்துவிட்டது: 6.1 சதவீதம். 1972-73-லிருந்து பார்த்தால் இதுவரை இல்லாத உயரம். 45 வருடத்தில் அதிகம் என்ற தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. மறுநாள் இடைக்கால பட்ஜெட். நிதி ஆயோக் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இது வெறும் வரைவு என்றது. மார்ச்சில் 108 பொருளாதார, சமூக அறிஞர்கள் புள்ளிவிவரத்தில் தலையிடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். சில நாளில் 131 சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுகள் அதற்கு மறுப்பு அறிக்கை விட்டார்கள். கணக்கு விஷயத்திலும் ஆள் கணக்கா!

தேர்தல் முடிந்தது. மே 30 பதவியேற்பு. மே 31 அறிக்கை வெளியானது. உள்ளே அதே 6.1. நகரத்தில் 7.8, கிராமத்தில் 5.3, 15 முதல் 29 வயதுக்குள் 17.8. வரைவு என்று சொன்னதில் ஒரு தசமம் மாறவில்லை.

அரசுத் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இது புதிய வடிவமைப்பு, வீடுகளைப் பொறுக்கும்போது பத்தாவது படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துப் பிரித்தோம், அதனால் பழைய எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்றார்கள். படித்த வீடுகளில் வேலையின்மை அதிகம் என்பது தெரிந்ததே. ஆனால் மாதிரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் எடை அதைச் சரிசெய்துவிட வேண்டும், கேள்விகளும் வரையறைகளும் பழையவைதான் என்று மறுதரப்பு சொன்னது. எனக்கு மறுதரப்பு சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இதெல்லாம் அறிக்கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேச வேண்டிய பேச்சு. டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு பேசினால் யார் நம்புவார்கள்?

அந்தக் காலகட்டத்தில் ஜி.டி.பி. எண்ணும் இதே பாடுதான் பட்டது. 2015 ஜனவரியில் புதிய அடிப்படை ஆண்டு வந்து, 2013-14 வளர்ச்சி 4.7-லிருந்து ஒரே ராத்திரியில் 6.9 ஆனது. (அந்த லாபம் முந்தைய ஆட்சிக்குப் போனது என்பது தமாஷ்.) 2018-ல் பழைய வருடங்களைத் திருப்பிக் கணக்கிட்டபோது ஒரு குழு பத்து சதவீதம் தாண்டிய வருடங்கள் உண்டு என்றது. சில மாதத்தில் வந்த அதிகாரபூர்வ எண் அவற்றை எல்லாம் வெட்டிவிட்டது. 2019 நவம்பரில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பையே, தரம் சரியில்லை என்று சொல்லிக் கைவிட்டார்கள். அதுவும் பத்திரிகையில் கசிந்த பிறகுதான்.

அதற்குப் பிறகு வேலையின்மை வருடாவருடம் இறங்கியது. 5.8, 4.8, 4.2, 4.1, அப்புறம் 2022-23-லும் 2023-24-லும் 3.2. நடுவில் கொரோனா. தனியார் அமைப்பான சி.எம்.ஐ.இ. 2020 ஏப்ரலில் 23 சதவீதத்துக்கு மேல் என்ற நேரத்தையும் தாண்டி, அரசின் ஆண்டுக் கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. பொய்யா? இல்லை. 2009-10-ன் புதிர் தலைகீழாக நடந்தது. அன்று பெண்கள் வெளியேறினார்கள், இன்று உள்ளே வந்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் அல்லது வேலை தேடலில் இருப்பவர்கள் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. எங்கே வேலை என்று பார்த்தால், பெரும்பகுதி சுயதொழில், குடும்ப உதவி. 11-ம் 21-ம். மொத்தத்தில் சுயதொழில் பங்கு 52-லிருந்து 58 சதவீதம் ஆனது. சி.எம்.ஐ.இ. கணக்கில் இதே பெண்கள் விகிதம் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். வெங்காயம் நறுக்குவதை வேலை என்று எடுத்துக்கொள்வீர்களா என்பதில்தான் பெரும்பாலான வித்தியாசம்.

2025 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர், 2004-14-ல் 2.9 கோடி வேலைகள், 2014-24-ல் 17.19 கோடி வேலைகள் என்று அறிவித்தார். ரிசர்வ் வங்கியின் தரவுத் தொகுப்பு அது. தொகுப்புக்கு அடித்தளம் இதே கணக்கெடுப்பு விகிதங்கள், இதே 21-களையும் சேர்த்து. அதைப் பெருக்குவதற்கு ஜனத்தொகை வேண்டும். கடைசியாகத் தலை எண்ணியது 2011-ல். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்ததற்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. நடுவில் உள்ளதெல்லாம் மதிப்பீடு. 2025 மே மாதத்திலிருந்து மாதாமாதமும் எண் வருகிறது. முதல் எண் 5.1. வாராந்திர அளவுகோல். ஆண்டு அறிக்கையின் 3.2-ஐ வைத்திருப்பவரும் மாத அறிக்கையின் 5.1-ஐ வைத்திருப்பவரும் டிவியில் கத்திக்கொள்ளும்போது, தந்த்வாலாவை நினைத்துக்கொள்வேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பையன் பி.இ. முடித்து மூன்று வருடம் ஆகிறது. சித்தப்பாவின் மளிகைக் கடையில் நிற்கிறான், நடுவில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் பரீட்சைகள் எழுதுகிறான். கடை வாசலில் உட்கார்ந்து, கணக்கெடுக்க ஆள் வந்தால் தம்பியைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"வேலை தேடிட்டு இருக்கான்னு சொல்லுவேன். உண்மை அதானே" என்றார் சித்தப்பா. அப்படியானால் 81.

சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கடையைப் பாத்துக்கிடுதான்னு சொல்லணும். பொண்ணு பாக்குற நேரத்துல வேலை இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு." 21.

தம்பி தராசில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"ஏண்ணே, வர்ற ஆளு என்னையக் கேக்க மாட்டாரா?"